அண்ணி சொல்லாமல் விட்ட ஊசிகள்

என் அண்ணி பொய் சொல்லமாட்டார். இதைச் சொல்வது நான் என்பதால் நீங்கள் தாராளமாக நம்பலாம். நான் அவருடைய நாத்தனார். நாத்தனார் வாயில் நல்ல பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

அண்ணிக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பார். கடைக்கு வந்து துணியை வெட்டுவார், மடிப்பு வைத்துத் தைப்பார், திரும்பப் போய் நாற்காலி மேல் ஏறிக் கம்பியில் மாட்டிவிட்டு வருவார். முதல் சலவையில் துணி சுருங்கும் என்று கீழ் ஓரத்தை எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே மடித்துத் தைப்பார். "பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா உங்க ஜன்னல்ல மத்தியான வெயில் நேரா அடிக்குது. ஒரே வருஷத்துல வெளுத்துடும், வேண்டாங்க" என்று வாங்க வந்தவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கும் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். ஆனாலும் அண்ணியை விட அவருக்கு மனசு வராது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஊரில் பாதி வீடு புதுத் திரை கேட்கும். கேட்பவர்களில் பாதிப் பேர் அண்ணியைத்தான் அனுப்பச் சொல்வார்கள்.

கடையை விட்டால் அண்ணிக்கு ஜெபம். அண்ணனும் அவரும் கீழ் வீட்டில், நான் மாடியில். விடிவதற்கு முன்னால் அவர் முழங்காலில் நின்று ஜெபிப்பது எனக்கு அலாரம் மாதிரி. நோயாளிகள், வேலை கிடைக்காதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஊரையே ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் குரலை உயர்த்தி, "மாடியில இருக்கிற பிடிவாதக்காரியையும் தொடும் ஆண்டவரே" என்பார். அது ஆண்டவருக்குக் கேட்பதற்காக இல்லை, எனக்குக் கேட்பதற்காக. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் சர்ச் வாசலை மிதிப்பவள் நான். அந்தக் குறை அவருக்கு எப்போதும் உண்டு.

அப்படிப்பட்டவர் போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு சாட்சி சொன்னார். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை மைக் முன்னால் நின்று எல்லாருக்கும் சொல்வதுதான் சாட்சி. சொல்வதற்கு அவரிடம் பெரிய விஷயமும் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணனுக்கு அந்த வருஷம் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வந்தது. கெட்ட கட்டி. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆனால் கட்டி கரைந்தது. அண்ணி மைக்கைப் பிடித்து, "டாக்டர்கள் கைவிட்டாங்க. நாங்க முழங்கால்ல நின்னோம். இன்னைக்கு அவரு கழுத்தைத் தடவிப் பாருங்க, ஒண்ணுமே இல்லை!" என்றார். சர்ச்சே எழுந்து நின்று அழுதது.

ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. டாக்டர் யாரும் கைவிடவும் இல்லை. சாப்பிடவில்லை என்று அண்ணனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திட்டித் திட்டி வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரம்மா இருந்தார். "அந்தம்மா இதைக் கேட்டா மூக்கைச் சிந்தி அழுதுடுவாங்க" என்று திரும்பி வரும் வழியில் அண்ணன் சொன்னான். அண்ணி சிரிக்கவில்லை. "ஊசியைச் சொன்னா ஜனங்க ஊசியைத்தான் நினைப்பாங்க. மகிமை ஆண்டவருக்குப் போகவேண்டாமா?" என்றார். அதைப் பொய் என்று அவர் நினைக்கவே இல்லை. தைத்து முடித்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கிவிடுவது போல நறுக்கிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் குளிர் தொடங்கும்போது கட்டி திரும்ப வந்தது.

முதலில் கண்டுபிடித்தது அண்ணன்தான், சவரம் செய்யும்போது. சொன்னவுடன் அண்ணி ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாராம். நோய் இருக்கிறது என்று வாயால் சொன்னால் அதற்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும், சுகம் என்றே சொல்லவேண்டும், அப்போதுதான் சுகம் நிற்கும் என்பது அவர்கள் ஜெபக் கூட்டத்துப் பழக்கம். அன்றிலிருந்து அந்த வீட்டில் கட்டி என்ற சொல்லுக்குத் தடை. பயம் என்ற சொல்லுக்கும் தடை. அண்ணன் சும்மா இருப்பானா? "வாடகைக்காரன் திரும்ப வந்துட்டான். முன்பணம் கூடக் கேக்காம உக்காந்துட்டான்" என்று கழுத்தைத் தடவிக் காட்டுவான். அண்ணி காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாமல் இல்லை. நகரத்தின் மறுகோடியில், சர்ச் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்த்தார். கடைக்கு லீவு போட்டால் கேள்வி வரும் என்று, ஊசிக்குக் கூட்டிப்போகும் வேலையை என் தலையில் கட்டினார். வெளியே யார் கேட்டாலும், "அவரா? ஜம்முனு இருக்கார், ஸ்தோத்திரம்." அண்ணன் கழுத்தில் மஃப்ளர் எதற்கு என்றால் குளிர் என்பார். எனக்கு அவரைப் பார்த்தால் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. விடிகாலை ஜெபம் மட்டும் தவறாமல் கேட்டது. ஆனால் அதில் முன்பிருந்த உரிமை இல்லை. ஏதோ மனப்பாடம் ஒப்பிப்பது போல ஒரே வேகத்தில் ஓடி முடிந்தது. என் பேரைக்கூட மறந்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சாயங்காலம், சர்ச்சிலிருந்து பாட்டுக் குழு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அண்ணனுக்கு அன்றுதான் ஊசி போட்டுக் கூட்டிவந்திருந்தேன். வாசலில் கிட்டார் சத்தம் கேட்டதும் அண்ணி அவனைப் படுக்கையோடு உள் அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார். "வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்" என்று வந்தவர்களிடம் சொன்னார். நான் கேக் தட்டோடு நின்றவள் அப்படியே அவர் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். இரண்டாவது பாட்டில் உள்ளே அண்ணன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. உடனே அண்ணி யாரும் கேட்காத உச்சஸ்தாயியில் கூடச் சேர்ந்து பாடினார், கையை வேறு தட்டினார். அவருக்குச் சுருதி என்பது ஜென்மத்தில் கிடையாது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், கதவுக்குப் பின்னால் இருப்பது என் அண்ணனாக இல்லாதிருந்தால்.

மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனபோது, குழுவை நடத்தும் பாட்டு டீச்சர் மட்டும் பின்தங்கி, அண்ணியைத் தேடிச் சமையலறைக்குள் வந்தார். தனியாக வாழும் மனுஷி. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். சர்ச்சில் அவர் கையை உயர்த்தினால்தான் பாட்டு தொடங்கும்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றார். கதவருகே கேக் தட்டோடு நின்ற என்னை அவர் கவனிக்கவில்லை. "மார்புல ஒரு கட்டி. டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னார். நான் மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அண்ணி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "எப்போ?"

"ரெண்டு மாசம் இருக்கும். எனக்குக் கவலையே இல்லக்கா. போன கிறிஸ்துமஸுக்கு நீங்க சொன்ன சாட்சியைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். டாக்டர் கைவிட்டவரையே ஆண்டவர் எழுப்பினார்னா, எனக்கு மட்டும் செய்யமாட்டாரா? தலையில கை வச்சு ஜெபம் பண்ணுங்கக்கா."

சொல்லிவிட்டு, பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். அண்ணி கையை வைத்தார். வாயைத் திறந்தார். ஒரு சொல் வரவில்லை. ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவர், என் அலாரம், வாயைத் திறந்தபடி நின்றார். கடைசியில் "ஆமென்" என்று மட்டும் சொன்னார். டீச்சருக்கு அதுவே போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டு கேக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

நான் கதவைச் சாத்திவிட்டு அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "கடையில ஒரு ஜன்னலுக்குப் பொய் சொல்லமாட்டீங்க. வெளுத்துப் போற துணிக்கு அவ்வளவு பேசுவீங்க. இங்க ஒரு உயிரு போகப்போகுது அண்ணி!"

"ஆண்டவர் பேரு கெட்டுப் போகுமேடி" என்றார். அழுகிறவர் குரல் போல இல்லை, மாட்டிக்கொண்டவர் குரல். "சுகம்னு சொன்னேன். இப்போ இல்லைன்னா ஜனங்க என்ன சொல்வாங்க? அவரை நம்பினவங்க எல்லாம் என்ன ஆவாங்க?"

உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் சுவரைப் பிடித்தபடி வந்தான். "ஆண்டவர் மானத்தை நீ எதுக்குக் காப்பாத்துற? உலகத்தைப் படைச்சவருக்குத் தன் பேரைப் பாத்துக்கத் தெரியாதா?" என்றான். "நீ அவருக்கு வக்கீலா என்ன? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு. என்னைக் காட்டியே சொல்லு." பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அண்ணி அவனைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியிலேயே டீச்சர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து நடந்ததை என்னிடம் சொன்னார். ஊசியைச் சொன்னாராம். கட்டி திரும்ப வந்ததைச் சொன்னாராம். டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "அக்கா, இது சோதனை. என் விசுவாசத்தை அசைக்கத்தான் உங்க வாயில இப்படி வருது. கண்ணால பாக்கிறதை நம்பாதீங்க. சுகம்னே சொல்லுங்க, சுகம் நிற்கும்" என்றாராம்.

"அத்தனையும் என் வார்த்தைடி" என்றார் அண்ணி. "ஒரு எழுத்து மாறல. ஜெபக் கூட்டத்துல நான் சொல்லிக் கொடுத்தது. எனக்கே திருப்பிச் சொல்றா."

அடுத்து பாஸ்டரைப் பார்க்கப் போனார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அண்ணி மறுபடியும் சாட்சி சொல்லவேண்டும் என்று அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அண்ணனுக்காக நிஜமாகவே கண் கலங்கினார் என்று அண்ணி சொன்னார். ஆனால் பண்டிகையும் அதுவுமாக எல்லாரையும் கலங்கடிக்கவேண்டாமே என்று யோசித்தார். டீச்சரிடம் பண்டிகை முடிந்ததும் தானே பேசுவதாகச் சொன்னார். "நடந்ததை மட்டும் சொல்லுங்கம்மா. நடந்துகிட்டு இருக்கிறதை இப்போ சொல்ல வேண்டாம்" என்றாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கட்டி பண்டிகை முடியும்வரை காத்திருக்குமா, அதற்கு லீவா?

கிறிஸ்துமஸ் காலையில் நானும் போனேன். சர்ச் நிரம்பி வழிந்தது. அண்ணன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர்கள், "வெளியூர்லேருந்து எப்போ வந்தீங்க?" என்று கேட்டார்கள். அண்ணி என்ன சொல்லப்போகிறார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலையில் கேட்டதற்கு, "எனக்கே தெரியலடி" என்றார். பாட்டு டீச்சர் முன்னால் குழுவோடு நின்றார். அண்ணியைப் பார்த்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வது போலத் தலையை ஆட்டினார்.

அண்ணி மைக்கைப் பிடித்தார். "ஸ்தோத்திரம்" என்றார். "ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"போன வருஷம் இதே இடத்துல நின்னு, என் வீட்டுக்காரருக்குச் சுகம் கிடைச்சதுன்னு சொன்னேன்."

"அல்லேலூயா!"

"அவருக்கு ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா ஊசி போட்டாங்க. அதை நான் உங்ககிட்ட சொல்லல."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் சிலர், பழக்க தோஷத்தில்.

"டாக்டர்கள் யாரும் கைவிடல. நானாத்தான் அப்படிச் சொன்னேன். இப்போ அந்தக் கட்டி திரும்ப வந்துடுச்சு."

"அல்லேலூ..." என்று முன் வரிசையில் ஒரு பெரியவர் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிச் சிரித்திருப்பேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து நின்றான். மஃப்ளரைக் கழற்றினான்.

"யாராவது என் சாட்சியைக் கேட்டு மருந்தை நிறுத்தியிருந்தா, ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருந்தா," என்றார் அண்ணி. "அது விசுவாசம் இல்ல. அது நான் சொன்ன பொய். தயவுசெஞ்சு போய் வைத்தியம் பாருங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் யாருடைய பேரையும் சொல்லவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. அடுத்து பாட்டு. டீச்சரின் கை உயரவேண்டும். உயரவில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவர் மெதுவாகப் படியிறங்கி, நடுப்பாதையில் நடந்து, எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனார். முகம் வெளுத்திருந்தது. அண்ணி பின்னால் ஓடினார். வாசலில் டீச்சர் திரும்பி, "எனக்கு இருந்தது அது ஒண்ணுதானேக்கா. அதையும் பிடுங்கிட்டீங்களே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

உள்ளே பாஸ்டரே எப்படியோ பாட்டைத் தொடங்கி ஆராதனையை முடித்தார். முடிந்ததும் எங்கள் பக்கம் வந்தவர்கள் சிலர், வராமல் போனவர்கள் பலர். ஒருவர் அண்ணியிடம், "வேற நாளே கிடைக்கலையா உனக்கு? ஆண்டவர் பிறந்த நாள்ல அவர் பேரைக் கெடுத்துட்டியேம்மா" என்று நேராகவே சொல்லிவிட்டுப் போனார். வாயில் வந்ததை நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அண்ணி என் கையை அழுத்திப் பிடித்திருந்தார்.

அதற்குப் பிறகு விடிகாலையில் கீழ் வீட்டில் சத்தமே இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைத் திட்டியபடியே எழுந்தவள் நான். இப்போது அது இல்லாமல் தூக்கம் கெட்டது. ஒரு காலை இறங்கிப்போய்ப் பார்த்தேன். அண்ணி முழங்காலில் நிற்கவில்லை, கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். "எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர்கிட்ட பேசறது?" என்றார். "பொய் சொன்னப்போ அவர் பேரைச் சொல்லிச் சொன்னேன். உண்மையைச் சொன்னேன், ஒரு பொண்ணோட நம்பிக்கை போயிடுச்சு. எதுல அவர் இருந்தார்னே தெரியல." காபி போட்டுக் கொடுத்தேன். தினமும் கடை முடிந்து டீச்சர் வீட்டுக்குப் போவார். கதவு திறக்காது. கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வருவார்.

வருஷம் பிறந்து சில நாளில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். அண்ணி சொன்னார். போன் வைக்கப்பட்டது.

அண்ணனுக்கு ஊசி போடும் நாளில் டீச்சர் அங்கே வந்தார். அன்று அண்ணியும் கடைக்கு லீவு போட்டிருந்தார். முதலாளியிடம் உண்மையைச் சொல்லித்தான் போட்டிருந்தார். அண்ணன் உள்ளே படுத்திருந்தான், நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில். டீச்சர் எங்கள் பெஞ்சில் உட்காரவில்லை, எதிரே உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நர்ஸ் அவரைக் கூப்பிட்டபோது எழுந்தவர், தயங்கி, எங்களிடம் வந்து தன் கைப்பையை அண்ணி மடியில் வைத்தார்.

"எனக்காக ஜெபம் எல்லாம் பண்ண வேண்டாம்" என்றார். "இதைப் பாத்துக்கங்க, போதும்."

கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் என்ன சொல்வார், தாமதமாகிவிட்டதா, இல்லையா, எதுவும் தெரியாது. அண்ணி பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் உதடு அசைவதைப் பார்த்தேன்.

"வேண்டாம்னு சொன்னாங்களே அண்ணி" என்றேன் மெதுவாக.

"தெரியும். அவகிட்ட சொல்லிடாதே."

"சுகம் குடுங்கன்னு கேட்டீங்களா?"

அண்ணி இல்லை என்று தலையை ஆட்டினார். "ஒண்ணும் கேக்கல. எனக்குப் பயமா இருக்கு, ரொம்பப் பயமா இருக்குன்னு மட்டும் சொன்னேன்."